மிளகு தேர்ந்தெடுத்த மூலை

அக்கா, அந்த அட்டைப்பெட்டியை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், வெயில் நேராக அடிக்கிறது. முயல்குட்டிதானே? ஓட்டை வழியாக மூக்கு ஆடுவது தெரிந்தது, அதனால்தான் கேட்டேன். மகளுக்கா? சந்தோஷம். எத்தனை மாதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டா? அப்படியானால் இப்போதைக்குக் கவலை இல்லை. ஒரு தட்டு வைத்தால் தட்டில் போகும். நம் வீட்டு முயல் எவ்வளவு புத்திசாலி என்று நீங்களும் பத்துப் பேரிடம் சொல்வீர்கள். நான்காவது மாதம் பிறக்கட்டும், அப்போது தெரியும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு முயல்குட்டி தட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஒன்றுக்குப் போனது. அதனால் ஒரு பெண்ணுக்குப் பேர் கெட்டது. சிரிக்காதீர்கள் அக்கா, உண்மையாகத்தான் சொல்கிறேன். திருச்சி போகிற வரை நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. மங்கை சொல்லி எனக்குத் தெரியும். அவள் சொன்னதிலும் பாதி, அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் காதில் விழுந்தது. எது கேட்டது, எது என் கண்ணால் பார்த்தது என்று பிரித்துத்தான் சொல்வேன். அது தொழில் பழக்கம். குளித்தலையில் ஒரு லேபில் ரத்தம், சிறுநீர் பரிசோதனை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். எனக்கு இந்த வேலை போனால் வேறு வேலை வாங்கித் தர எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் லேப் சார் சொன்னார், "பூங்கோதை, பார்க்காததை மட்டும் எழுதிடாதே." அதை நான் லேபுக்கு வெளியிலும் விட்டதில்லை.

மங்கை என்கிற மங்கையர்க்கரசி என்னோடு பள்ளியில் படித்தவள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கே வந்தாள். மாமியார் சௌந்தரம், வீட்டுக்காரர் கதிரேசன், இவள், மூன்றே பேர். கதிரேசனுக்குக் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. ஆர்டர் நெருக்கினால் அங்கேயே தங்கிவிடுவார், ஞாயிற்றுக்கிழமைதான் முகம் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பகலெல்லாம் இவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அவர்தான் ஒரு முயல்குட்டியை இதே மாதிரி ஒரு பெட்டியில் வாங்கி வந்தார். சுத்த வெள்ளை. பேர் மட்டும் மிளகு.

"வெள்ளையா இருக்கறதுக்கு ஏண்டா மிளகுன்னு பேரு?" என்று அவர் அம்மா கேட்டிருக்கிறார்.

"ஆளுதாம்மா வெள்ளை. போடுறதைப் பாரு, மிளகு."

தட்டில் முதலில் பட்டறை மரத்தூளைக் கொண்டுவந்து போட்டார்கள். முயல் தும்மித் தீர்த்தது. அப்புறம் நர்சரியில் விற்கிற தேங்காய் நார்த்தூள். அது பிடித்துப்போனது. வந்த இரண்டாம் நாளே தட்டில் ஏறி உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டுக் காதைச் சொறிந்ததாம். கதிரேசன் அதை வீடியோ எடுத்துப் பட்டறை முழுக்கக் காட்டினார். "எங்க வீட்டு மிளகு காலேஜ் படிச்சவன்" என்பார்.

அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. மாதத்தில் மூன்று நாள் மங்கைக்குப் பின்கட்டுதான். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அடுப்படிக்கு வரக்கூடாது. பூஜை அறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடக் கூடாது. இன்னும் இப்படி இருக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். இருக்கிறார்கள் அக்கா. எனக்கு வந்த வருத்தம் வேறு. பின்கட்டுக் கொடியில் அந்தத் தனிப் பாய் காய்ந்தால் பக்கத்து வீட்டு ராஜாமணிக்குத் தெரியும். ராஜாமணிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும், இந்த மாதமும் இல்லை என்று. மாதாமாதம் அவளுக்குப் பரிசோதனை முடிவைக் கொடியில் தொங்கவிட்டது போல இருந்திருக்கும். இது நான் சொல்வது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

நான்காவது மாதம் முயலுக்குப் பருவம் வந்தது. வயசுக்கு வருகிற முயல் தன் இடம் எது என்று எல்லை போட ஆரம்பிக்கும். இது நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கதவு இடுக்கில், கிரைண்டர் அடியில், கதிரேசனின் பையில், எங்கு பார்த்தாலும் மிளகு. ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி ஒரு பீய்ச்சல். மாமியார் மடித்து வைத்த சுங்குடிப் புடவையில் ஒரு நாள் அடித்துவிட்டது.

"உன் புருஷன் காலேஜ்ல சேர்த்தானே, அது படிப்பைப் பாதியில விட்டுருச்சு போல" என்றார் சௌந்தரம்.

மங்கை என்ன செய்தாள் தெரியுமா? தட்டு அழுக்காக இருப்பதால்தான் அது போக மாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தினம் காலையில் தட்டைக் கொட்டி, பினாயில் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் புதுத் தூள் போடுவாள். நம் வீடுகளில் கக்கூஸ் என்றால் பினாயில்தானே. தன் வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் முயலுக்கு அது தன் தட்டு என்று தெரியும். இவள் கழுவக் கழுவ அதற்கு அது யாருடைய தட்டோ ஆகிவிட்டது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் அக்கா. நனைந்த தூளை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பிடி பழசை விட்டுவிடுங்கள். தின்கிற காய்ந்த புல்லையும் தட்டிலேயே ஒரு ஓரத்தில் வையுங்கள். தின்றுகொண்டே போகிற பிராணி அது.

சரி. தட்டு பிடிக்காமல் போன மிளகு, வீட்டில் வேறு மூலை தேடியது. சில்லென்று, இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. எது? பூஜை அறை. புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டது. குத்துவிளக்குக்குப் பின்னால் கிழக்கு மூலை.

முதல் தடவை உள்ளே போனபோது நாலு உருண்டைதான். சௌந்தரம் கண்ணாடி போடாமல் சாமி கும்பிடப் போனவர், வெண்பொங்கல் வைத்தபோது சிந்திய மிளகு என்று நினைத்து விரலால் பொறுக்கியிருக்கிறார். மங்கை இதைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் லேப் வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆனால் அன்று வீட்டில் சிரிப்பில்லை. அறையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அவர் சொன்னாராம், "இன்னொரு தடவை இது உள்ள காலை வெச்சுது, கறிக்கடையில கொண்டுபோய்க் குடுத்துருவேன். அப்புறம் அத்தை சொல்லலைன்னு சொல்லாத."

மங்கை நிலைக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தினாள். ராத்திரி படுக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இப்போது சொல்லப்போவது என் கண்ணால் பார்த்தது. அந்த மாதம் மங்கைக்குத் தேதி தள்ளிப்போனது. லேபுக்கு வந்தாள். டாக்டர் சீட்டு இல்லை. சார் சாப்பிடப் போயிருந்தார். தோழி என்பதால் ஒரு கார்டு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கோடு மங்கலாகக்கூட இல்லை, நன்றாக அழுத்தமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோதை, யார்கிட்டயும் சொல்லாதடி. ஞாயித்துக்கிழமை அவர் வரட்டும், நேர்ல சொல்லணும்" என்றாள். சீட்டு இல்லாமல் செய்ததால் நான் எங்கும் பதியவில்லை, ரிப்போர்ட்டும் தரவில்லை. டாக்டரிடம் போய் முறையாக எழுதி வாங்கி வா என்றேன். சரிதானே?

அவள் சொல்லாவிட்டாலும் சௌந்தரத்துக்குத் தெரிந்துபோயிருக்கிறது. தனித் தட்டு அலமாரியை விட்டு இறங்கவில்லையே. ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். மருமகள் சொல்லட்டும் என்று இவர், கணவன் வரட்டும் என்று அவள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால், "வை அதை, நான் எடுத்துக்கறேன்." சாயங்காலம் பால். மத்தியானம் ரத்தம் ஊறுவதற்கென்று பீட்ரூட் பொரியல், தினம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் தன்னை அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்ததே இல்லை என்று மங்கை சொன்னாள்.

ஆனால் பீட்ரூட் வாடை அவளுக்கு ஆகவில்லை. வாயில் வைத்தாலே குமட்டியது. மாமியார் ஆசையாக வைக்கிறாரே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அரிந்து வைத்த பீட்ரூட்டில் பாதியை வாணலிக்குப் போவதற்கு முன்பே தோலோடு சேர்த்து மிளகுக்குப் போட்டுவிடுவாள். மிளகுக்கு அதுதான் விருந்து. வாயெல்லாம் சிவந்து போய் நிற்குமாம்.

வெள்ளிக்கிழமை காலை. விளக்கேற்றுவதற்காகப் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தது சௌந்தரம். பூக்காரி குரல் கேட்டு வாசலுக்குப் போனதும் அவர்தான். பூவோடு திரும்பி வந்தவர், "மங்கை! இங்க வாடி" என்று கத்தியிருக்கிறார்.

ஓடிப் போய்ப் பார்த்தால் விளக்குக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் மேல் சிவப்பு. நாலைந்து சொட்டும் ஒரு சின்னத் தேக்கமும்.

"என்னடி இது?"

"மிளகு உள்ள வந்துருச்சு போல அத்தை."

"மிளகா? அது ஒண்ணுக்குப் போனதை எத்தனை தடவை தொடச்சிருக்க? என்னைக்காவது இந்த நிறத்துல பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவளே என்னிடம் அதை ஒப்புக்கொண்டாள்.

"முயலுக்குத் தூரம் வருமாடி? அதுவும் ஆம்பள முயலுக்கு?"

"அத்தை, நான் இந்த ரூமுக்குள்ளயே வரலை."

"வராமத்தான் இது கெடக்குதா? நாள் தள்ளியிருக்குன்னு நான் நம்பிக்கிட்டு, பாலென்ன, பீட்ரூட்டென்னன்னு ஓடுறேன். உனக்கு வந்தும் நீ வாயத் தொறக்கல. அந்தக் கவனிப்பு போயிருமேன்னு மறைச்சுக்கிட்டுச் சாமி ரூம் வரைக்கும் வந்துட்ட. அப்படித்தானே?"

அப்போதுதான் மங்கை அதைச் சொன்னாள். இரண்டு வருஷமாக எப்படியெல்லாமோ சொல்ல நினைத்து வைத்திருந்ததை, துடைப்பக்கட்டை கையில் இருக்கச் சொன்னாள். "அத்தை, நான் முழுகாம இருக்கேன். கோதை லேப்ல பாத்துச் சொன்னா."

சௌந்தரம் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "முழுகாம இருக்கறவளுக்கு இது எங்கேருந்துடி வரும்?" என்றார். குரல் இறங்கிவிட்டதாம். "ஒண்ணு நீ பொய் சொல்ற. இல்லைன்னா அது போயிருச்சு." சொல்லிவிட்டு உட்கார்ந்து தரையைக் கழுவ ஆரம்பித்தார். கழுவும்போது அவர் அழுதார் என்று மங்கை சொன்னாள். நான் அதை அவருக்குச் சாதகமாகவே சொல்கிறேன். கெட்ட மனுஷி இல்லை.

தனித் தட்டு இறங்கியது. தனிப் பாய் பின்கட்டுக்குப் போனது. மங்கை குளியலறைக்குப் போய்த் தன்னைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. கரூருக்குப் போன் போட்டாள். பட்டறையில் தகரம் வெட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கதிரேசன், "சரி மங்கை, அழாத. ஒருவேளை நீயே கவனிக்காம..." என்றிருக்கிறார். அவள் போனை வைத்துவிட்டாள். அவர் பாவம், நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார்.

மறுநாள் பின்கட்டில் மிளகு அவள் பாய் ஓரத்திலேயே ஒன்றுக்குப் போனது. சிமெண்ட் தரையில் அது வெளுத்த ஆரஞ்சாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். மிளகுக்குப் பீட்ரூட் எடுத்துப் போட்ட தன் விரல்களைப் பார்த்தாள். உடனே எனக்குப் போன் செய்தாள். அப்போது நான் லேபில் இருந்தேன், எதிரே மூன்று பேர் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கோதை, பீட்ரூட் தின்னா முயலுக்கு ஒண்ணுக்குச் சிவப்பா வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். நான் முயல் சாம்பிள் பாத்ததில்லையே."

"அன்னைக்குப் பூஜை ரூம்ல இருந்தது ரத்தம் இல்லைன்னு சொல்லேன்டி."

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும் மங்கை? நான் பாக்கல. ஆரம்ப மாசத்துல சிலருக்குக் கொஞ்சம் படும். பயப்படாத. உன்னோடதாக்கூட இருக்கலாம்."

போனில் வேறு ஒரு குரல் கேட்டது. "கேட்டியா?" என்றது. சௌந்தரம். மங்கை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், அத்தை காதால் கேட்கட்டும் என்று. அது எனக்குத் தெரியாது அக்கா. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆளுக்கு ஏற்றபடி மாற்றிச் சொன்னால் அதற்குப் பேர் என்ன?

இன்னொன்றும் ஆயிற்று. பீட்ரூட் விஷயம் வெளியே வந்துவிட்டது. "உனக்குன்னு நான் அரிஞ்சு வச்சதை அதுக்கா போட்ட?" என்று கேட்டாராம் மாமியார். ரத்தத்தை விட அதுதான் அவரை அதிகம் சுட்டது என்று மங்கை நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் வந்ததும் மங்கையை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. குழந்தை இருக்கிறது, துடிப்பு இருக்கிறது. சௌந்தரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ரெண்டு நாள் முன்னாடி கொஞ்சம் பட்டுச்சும்மா" என்றிருக்கிறார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "சிலருக்கு அப்படி இருக்கும், இப்ப ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார். "எனக்குப் படவே இல்லை டாக்டர்" என்று மங்கை சொல்லியிருக்கிறாள். அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அத்தோடு சரியாகியிருக்க வேண்டும் இல்லையா? குழந்தை இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். தனிப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் சௌந்தரம் அவள் தலையைத் தடவி, "போகட்டும்டி. தெரியாம உள்ள வந்துட்ட. புள்ளைக்காக நான் மன்னிச்சுட்டேன், சாமியும் மன்னிச்சுரும்" என்றார். மறுநாள் கோயிலில் பரிகாரத்துக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தார். எதற்குப் பரிகாரம் என்று ராஜாமணி கேட்டாள். இவரும் சொன்னார்.

அன்று மங்கை என்னிடம் வந்து அழவில்லை, கத்தவில்லை. லேப் படியில் உட்கார்ந்து, "செய்யாததுக்கு என்னை எதுக்குடி மன்னிக்கணும்?" என்று கேட்டாள். "அடிச்சிருந்தாக்கூட ஒரு நாள்ல மறந்துருப்பேன். இப்ப தெருவுல போறவங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. தீட்டோட சாமி ரூமுக்குப் போய் அதை முயல் மேல போட்டவ நானு. அத்தை ஒரே ஒரு வார்த்தை, அது நீ இல்லைன்னு சொல்லிட்டாப் போதும்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். நான் ஆறுதல் சொன்னேன். குழந்தை நல்லா இருக்குல்ல, அதை நினைச்சுக்கோ என்றேன்.

மிளகை அதற்கு மேல் அந்த வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. சௌந்தரம் கறிக்கடைக்குக் கொடுப்பதற்கு முன் கதிரேசன் அதைத் தட்டோடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். "கோதை, நீதான் மங்கையோட ஃபிரெண்டு. பாத்துக்கம்மா" என்றார். அம்மா திட்டினார். அப்பாதான் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எங்கள் வீட்டில் பூஜை அறை என்று தனியாக இல்லை, அலமாரியில் ஒரு படம்தான். மிளகு என் பட்டமளிப்புப் போட்டோ மாட்டியிருக்கிற சுவரின் அடியைத் தேர்ந்தெடுத்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. நானும் போயிருந்தேன். இது என் கண்ணால் பார்த்தது. கூடம் நிறையப் பெண்கள். மங்கை பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள், முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, அழகாகத்தான் இருந்தாள். ராஜாமணி அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவிக்கொண்டே, "பூஜை ரூம்லயே வந்து நின்னு சேதி சொன்ன புள்ளையாச்சே, சாமி புள்ளதான் பொறக்கப் போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சௌந்தரமும் சிரித்தார். "அது எதுக்கு இப்போ? நான்தான் அன்னைக்கே மன்னிச்சுட்டேனே" என்றார்.

மங்கை வளையலுக்கு நீட்டிய கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அத்தை, அது நான் இல்லை."

"சரிம்மா. நல்ல நாளும் அதுவுமா..."

"சரிம்மா இல்லை அத்தை. நான் இல்லைன்னு சொல்லுங்க."

"யாரா இருந்தா என்ன இப்போ? கையை நீட்டு."

"கோதை இங்கதான் இருக்கா" என்றாள் மங்கை. "லேப்ல வேலை பாக்குறவ. மிளகு அஞ்சு மாசமா அவ வீட்டுலதான் இருக்கு. அவ சொல்லட்டும். கோதை, சொல்லுடி. அது முயலோடதுதானே?"

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் இரண்டு கையிலும் சந்தனம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முயல் என் வீட்டில் இருப்பது உண்மை. அதன் சிறுநீரை நான் பரிசோதித்தேனா? இல்லை. லேப் ஸ்ட்ரிப் மனிதர்களுக்கு வாங்கியது, அதை எடுத்து முயலுக்குப் போட எனக்கு அனுமதி இல்லை. பீட்ரூட் போட்டால் மறுபடி சிவப்பாகப் போய்த் தொலைக்குமே, அம்மா திட்டுவாரே என்று நான் அதற்குப் பீட்ரூட் போட்டதும் இல்லை.

"நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கலை மங்கை" என்றேன். "பாக்காம சொல்ல முடியாது."

பிறகு ராஜாமணி, "பாத்தீங்களா, படிச்ச புள்ள. சிநேகிதிக்காகக்கூட ஒரு பொய் சொல்லலையே" என்றாள். உங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மங்கை கையை நீட்டினாள். சௌந்தரம் வளையல் போட்டார். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் அதிகம், யாரைத்தான் பார்ப்பாள்?

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மங்கை பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு, மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அன்று பலகையை எடுத்து வைத்தது தான்தான் என்று சௌந்தரமே ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொன்னாராம். அது நீ இல்லை என்று சொல்லவில்லை. பலகையை நான்தான் எடுத்தேன் என்று சொன்னார். கதிரேசன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். மங்கை அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்குப் போகிறார்கள், பார்த்தேன்.

மாமியாரோடு பேசுகிறாள். ராஜாமணியோடுகூடப் பேசுகிறாள். என்னோடுதான் பேசுவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு, நேரம் கிடைக்காது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் பொய்யாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே அக்கா. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தைகூட இல்லை.

இது ஜீயபுரம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தட்டைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். நான்காம் மாதம் அங்கங்கே போட்டால் அடிக்காதீர்கள், தூக்கித் தட்டில் விடுங்கள், போதும். கொஞ்ச நாள் ஒரே அறையில் அடைத்து வைத்துப் பழக்குங்கள். வீடு முழுக்க ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். மிளகு இப்போது ஓரளவு தட்டில்தான் போகிறது. அது பீட்ரூட் தின்று நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் கடையில் சொந்தமாக ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லை. முந்தின நாளே மிளகுக்கு ஒரு முழு பீட்ரூட்டைத் தோலோடு போட்டிருந்தேன். தட்டிலிருந்து தூளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் வெள்ளைத் தட்டை வைத்தேன். காலையில் தட்டில் இருந்தது சிவப்பு. யார் பார்த்தாலும் ரத்தம் என்றுதான் சொல்வார்கள், நானே சொல்லியிருப்பேன். ஸ்ட்ரிப்பில் ரத்தத்துக்கென்று ஒரு மஞ்சள் கட்டம் உண்டு, ரத்தம் இருந்தால் அது பச்சையாகிவிடும். தோய்த்தேன். மாறவில்லை. ஒருவேளை ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருக்குமோ என்று என் விரலைக் குத்தி ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விட்டு, இன்னொன்றை எடுத்துத் தோய்த்தேன். உடனே பச்சை. சொன்னால் இது அந்த வெள்ளிக்கிழமையின் சாம்பிள் இல்லையே என்று யாராவது கேட்கலாம், கேட்டால் பதில் இல்லை. அதனால் மூன்றாவதாக ஒன்றை எடுத்து மறுபடியும் மிளகின் தட்டில் தோய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அந்தக் கட்டம் மஞ்சளாகவே இருந்தது.